இறையழைத்தல் பாதையில் இளைப்பாறும் ஆண்டு

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் குருவானவராவதற்குக் குருமடத்தில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் விடுமுறை இல்லாத ஒரு மாதத்தில் வீட்டில் தங்கியிருக்கக் கண்டால், கோயில் வளவில் நிற்பவர்களுக்கு முதலில் எழும் ஐயம், "பிரதர் விட்டிட்டு வந்திட்டாரோ?" என்பதாகவே இருக்கிறது. அவர் களைப்பாற வந்திருக்கலாம், மறைமாவட்டத்தின் தலைவராகிய ஆயரின் அனுமதியோடு சில மாதங்கள் விலகியிருந்து தம்முடைய அழைத்தலை ஆற அமர எண்ணிப் பார்க்கலாம் என்ற விளக்கம் பலருக்கு இரண்டாவதாகக்கூடத் தோன்றுவதில்லை. குருப்பட்டத்துக்கான பயணம் ஒருமுறை தொடங்கினால் இடையில் எங்கும் நில்லாமல் பந்தலும் தோரணமும் கட்டிய முதல் திருப்பலி நாளில்தான் முடிய வேண்டும் என்ற எண்ணம் நம் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சார்ந்த இறைமக்களிடையே, ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருச்சபையின் சட்டங்களையும் வரலாற்றையும் சற்றுக் கவனமாகப் பார்த்தால், அந்தப் பாதை தொடக்கம் முதலே இடைவெளிகளுக்கு இடம் விட்டுத்தான் அமைக்கப்பட்டது என்பது தெரியவரும். அந்த இடைவெளிகள் எவை, அவற்றுள் எது உண்மையில் ஓய்வு, யாழ்ப்பாணச் சூழலில் அந்த ஓய்வு ஏன் இத்தனை கடினமாகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதையின் நீளத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மெய்யியலுக்கு இரண்டு, இறையியலுக்கு நான்கு என்று குறைந்தது ஆறு முழு ஆண்டுகளின் படிப்பைக் கேட்கிறது. 2016 டிசம்பர் 8 அன்று உரோமை வெளியிட்ட குருத்துவ உருவாக்கத்துக்கான அடிப்படை நெறிமுறைகள், அந்தப் படிப்புக்கு முன்னர் ஓராண்டுக்குக் குறையாததும் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாததுமான முன்தயாரிப்புக் காலம் ஒன்றைக் கட்டாயமாக்கின. மெய்யியலுக்கும் இறையியலுக்கும் இடையில் ஒரு பங்கிலோ நிறுவனத்திலோ பணி செய்து பழகும் ஓராண்டு பல மறைமாவட்டங்களில் வழக்கமாக உள்ளது. குருப்பட்டத்துக்கு முந்திய படியாகிய திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம் கழிய வேண்டும். குருப்பட்டம் பெறுபவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் எட்டரை ஆண்டுக்குக் குறையாது, பத்து ஆண்டும் ஆகலாம். க.பொ.த. உயர்தரம் முடித்து 19 அல்லது 20 வயதில் நுழையும் இளைஞர் 30 வயதை நெருங்கும் வேளையில்தான் பலிபீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து வணங்குகிறார். யாழ்ப்பாணத்திலுள்ள புனித மாட்டீன் சிறிய குருமடத்தில் பாடசாலை மாணவனாகவே சேர்ந்து, பின்னர் கொழும்புத்துறையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருமடத்துக்குச் செல்பவருக்கு இந்தக் காலம் இன்னும் நீளும்.

நீளம் மட்டும் ஒருவரைக் களைக்க வைப்பதில்லை. மருத்துவப் படிப்பும் நீண்டதுதான். ஆனால் மருத்துவ மாணவர் மாலையில் விடுதிக்குத் திரும்பினால் அவர் உண்ணும் விதத்தையும் சினக்கும் விதத்தையும் எவரும் குறித்து வைப்பதில்லை. குருமடத்தில் அறிவு, ஆன்மீகம், மனிதப் பண்பு, மேய்ப்புப் பணி ஆகிய நான்கு துறைகளிலும் ஒருவர் ஒரே நேரத்தில் உருவாக்கப்படுகிறார். 1992ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குருக்களின் உருவாக்கம் பற்றி வெளியிட்ட ஊக்கவுரை இந்த நான்கையும் தெளிவாக வகுத்தது. அது சிறந்த வகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாழ்வின் எந்தப் பகுதியும் மதிப்பீட்டுக்கு வெளியே இல்லை என்பதும் அதனால் ஏற்படும் விளைவே. செபிப்பதும் படிப்பதும் விளையாடுவதும் உருவாக்குநர்களின், அதாவது பயிற்சிக்குப் பொறுப்பான குருக்களின், ஆண்டறிக்கையில் ஏதோ ஒரு வரியாக மாறும் இடத்தில், மாணவர் தம்மை அறியாமலே எப்போதும் கவனிக்கப்படுபவராக வாழப் பழகிவிடுகிறார். வீட்டுக்குப் போனாலும் அந்தக் கவனிப்பு ஓய்வதில்லை. ஊர் முழுவதும் அவரைப் பிரதர் என்று அழைக்கிறது. தாயாரும் சில வேளைகளில் அப்படியே அழைக்கிறார். தம்மிலும் மூத்தவர்கள் எழுந்து நின்று கதிரை கொடுக்கிறார்கள். இருபது வயதில் இவ்வளவு மரியாதையைச் சுமப்பது எளிதான காரியமன்று.

இத்தகைய களைப்பு இக்காலத்துக்கு மட்டும் உரியதென்று நினைப்பவர்கள் நான்காம் நூற்றாண்டைப் பார்க்கலாம். நசியான்சு நகர் கிரகோரியாரை அவருடைய தந்தையாகிய ஆயரே, மகனின் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல், 361ஆம் ஆண்டின் இறுதியில் குருவாக்கினார். அந்தப் பொறுப்பின் பாரத்தைத் தாங்க இயலாத கிரகோரியார் ஊரை விட்டு அகன்று, பொந்துப் பகுதியில் துறவு வாழ்க்கை நடத்திய நண்பர் பேசிலியாரிடம் போய்ச் சேர்ந்தார். சில மாதங்கள் தனிமையிலும் செபத்திலும் கழித்து 362இன் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டித் தம் மக்களிடம் திரும்பினார். தாம் ஏன் ஓடினார், ஏன் திரும்பினார் என்பதை விளக்கி அவர் எழுதிய உரை, குருத்துவத்தின் தன்மை பற்றிய பழைமையான விரிவான சிந்தனைகளுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது. அந்தச் சில மாதங்கள் இல்லாதிருந்தால் அந்த உரையும் நமக்குக் கிடைத்திராது.

அகுஸ்தீனாரின் கதை இன்னும் நெருக்கமானது. 391ஆம் ஆண்டில் ஹிப்போ நகருக்கு வந்த அவரை மக்கள் பிடித்து நிறுத்தி ஆயர் வலேரியுவின் முன் கொண்டுசென்றார்கள். அவர் கண்ணீரோடு குருப்பட்டம் பெற்றார். அதன் பின் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், மறைநூலை ஊன்றிக் கற்பதற்கும் செபிப்பதற்கும் உயிர்ப்புப் பெருவிழா வரையில் தமக்குச் சிறிது காலம் தரும்படி மன்றாடினார். பின்னாளில் மேற்குத் திருச்சபையின் தலைசிறந்த ஆசிரியராகப் போகும் ஒருவர், தம் பணியின் வாசலிலேயே இடைவெளி கேட்டதை எவரும் அழைத்தலின் குறைவாகக் கொள்ளவில்லை. தமக்கு எது போதாமல் இருக்கிறது என்பதை அறிந்த ஒருவரின் நேர்மை அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

கொழும்புத்துறைக் குருமடம் எவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்விலும் இத்தகைய ஒரு பகுதி உண்டு. நம் மறையுரைகளில் அது அரிதாகவே கேட்கிறது. கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, யப்பான் என்று இடைவிடாது பயணம் செய்தவராகவே அவரை அறிந்திருக்கிறோம். 1537 யூன் 24 அன்று, பின்னர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருடனும் மற்றத் தோழர்களுடனும் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்ற சவேரியார், உடனடியாக முதல் திருப்பலி நிறைவேற்றவில்லை. மொன்சேலிச்சே என்ற சிற்றூருக்கு ஒதுங்கிச் சென்று ஏறத்தாழ நாற்பது நாள்கள் தனிமையிலும் செபத்திலும் இருந்த பின்னரே விசென்சாவில் முதல் திருப்பலியை ஒப்புக்கொடுத்தார். இஞ்ஞாசியார் இன்னும் நெடுங்காலம் காத்திருந்து 1538இன் கிறிஸ்து பிறப்பு விழா அன்று, ஒன்றரை ஆண்டு கழித்து, உரோமையில் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். சவேரியாரின் வேகத்தை மட்டும் மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்டிவிட்டு அந்த நாற்பது நாள்களைச் சொல்லாமல் விடுவது அவருடைய வாழ்வைப் பாதியாக்கிச் சொல்வதாகும்.

கிரகோரியாரும் அகுஸ்தீனாரும் வாழ்ந்த முதல் நூற்றாண்டுகளில் பாதை மிகக் குறுகியதாக இருந்தது. ஆகவே இடைவெளி பட்டத்துக்குப் பின் தேவைப்பட்டது. பாதையை நீட்டியது ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம். 1563ஆம் ஆண்டில் அது ஒவ்வொரு மறைமாவட்டமும் இளவயதினரைச் சேர்த்துப் பயிற்றும் குருமடம் ஒன்றை அமைக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. நம் நாட்டில் அந்த மரபின் பெரிய அடையாளம், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் தொடங்கிய திருத்தந்தைக் குருமடம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக விளங்கிய அது 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. திரெந்து முறை கல்வியறிவற்ற, ஒழுக்கம் குலைந்த குருக்கள் என்ற அக்காலத்துப் பெரும் நோயைக் குணப்படுத்தியது. கூடவே, சிறுவயதில் நுழைந்து வெளியுலகைக் காணாமலே இருபத்தைந்து வயதில் பட்டம் பெறுகின்ற, ஒரு நாளாவது தானாக நின்று முடிவெடுத்துப் பார்த்திராத இளைஞர் என்ற புதிய நிலைமையையும் அது உருவாக்கியது.

இதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் உணர்ந்திருந்தது. குருத்துவப் பயிற்சி பற்றி 1965 ஒக்டோபர் 28 அன்று அது வெளியிட்ட ஆணையின் 12ஆம் பிரிவு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. மாணவர்கள் தம் அழைத்தலை முதிர்ந்த மனத்தோடு ஆராய்ந்து தெரிந்துகொள்வதற்காக, தொடக்கத்தில் ஆழ்ந்த ஆன்மீகப் பயிற்சிக்கென ஒரு காலத்தை ஆயர்கள் ஒதுக்கலாம் என்கிறது. அதே மூச்சில், படிப்பை இடையில் சிறிது காலம் நிறுத்தி வைப்பது பொருத்தமா என்பதையும், தகுந்த மேய்ப்புப் பணிப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்துவதையும் ஆயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது. பட்டம் பெறும் வயதை உயர்த்துவது பற்றியும் அதே பிரிவு பேசுகிறது. ஆக, படிப்பை நிறுத்தி ஒதுங்கி நிற்பது ஒரு மாணவரின் தனிப்பட்ட தளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் சலுகையாக அல்லாமல், நல்ல பயிற்சியின் ஒரு வழியாகவே ஒரு பொதுச்சங்கத்தின் ஏட்டில் இடம் பெற்றுவிட்டது. அறுபது ஆண்டுகள் கடந்தும் நம் பங்கு மக்களுள் எத்தனை பேர் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கையில் வருத்தமே மிஞ்சுகிறது.

இனி, இடைவெளிகளின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஓய்வு என்ற ஒரே பெயரால் அழைப்பதனால்தான் குழப்பம் வருகிறது. சட்டமே விதிக்கும் குறுகிய இடைவெளிகள் உண்டு. குருமட மாணவர் ஒவ்வோர் ஆண்டும் தியானம் செய்ய வேண்டும். எந்தப் பட்டத்தையும் பெறும் முன்னர் குறைந்தது ஐந்து நாள்கள் தியானத்தில் இருக்க வேண்டும். இவை மௌனமும் செபமும் நிறைந்த நாள்கள். மனத்துக்கு ஆறுதல் தருபவை, ஆனால் நீண்ட களைப்பைத் தீர்ப்பதற்குப் போதுமானவையல்ல. விடுமுறைகள் மற்றொரு வகை. நம் நாட்டில் அவை பெரும்பாலும் பங்கின் தேவைகளால் நிரம்பிவிடுகின்றன. ஓகஸ்ட் மாதத்தில் மடுத் திருவிழா, ஊர்த் திருவிழாக்கள், மறைக்கல்விப் போட்டிகள், பீடப்பணியாளர் பாசறைகள் என்று எல்லாவற்றுக்கும் கை கொடுக்க ஒரு பிரதர் இருக்கிறார் என்பதே பங்குத்தந்தைக்குப் பெரும் ஆறுதல். அந்த உதவி தவறன்று. விடுமுறைக் காலத்தில் மேய்ப்புப் பணியைப் பழக வேண்டுமென்று சட்டமும் சொல்கிறது. ஆனால் விடுமுறையின் கடைசி நாளில் களைத்துப் போய்க் குருமடத்துக்குத் திரும்பும் ஒருவர் ஓய்வெடுத்தார் என்று எவரும் சொல்லக் கூடாது.

மெய்யியலுக்கும் இறையியலுக்கும் இடையில் வரும் பணி ஆண்டையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். அது படிப்பிலிருந்து கிடைக்கும் இடைவெளியே தவிர ஓய்வு ஆண்டு அன்று. ஒரு பங்கில் அல்லது பாடசாலை விடுதியில் அமர்த்தப்படும் மாணவர் அந்த ஆண்டில் இரவு பகலாக உழைக்கிறார். உழைக்கவும் வேண்டும், ஏனெனில் குருத்துவ வாழ்க்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அவர் அறிவது அப்போதுதான். இயேசு சபையினரின் நீண்ட உருவாக்கத்திலும் இத்தகைய பணிக்காலம் உண்டு. அவர்கள் அதனோடு நிறுத்திவிடாமல், குருப்பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் கழித்து, மீண்டும் புகுமுக மாணவரைப் போல் செபத்திலும் எளிய பணியிலும் கழிக்கும் மூன்றாம் நிலைப் பயிற்சிக் காலம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உழைப்புக்கு ஒரு காலம், அமர்ந்திருப்பதற்கு வேறொரு காலம் என்று பிரித்து வைத்த அந்த அறிவை மறைமாவட்டக் குருமடங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

கடைசி வகையே இக்கட்டுரைக்கு உரியது: ஒரு மாணவர் தாமாகக் கேட்டோ, உருவாக்குநர்களின் ஆலோசனைப்படியோ, சில மாதங்கள் அல்லது ஓராண்டு குருமடத்துக்கு வெளியே இருப்பது. இதற்கான காரணங்கள் பல. தந்தையின் மரணம், வீட்டுக் கடன், உடல்நலக் குறைவு, நெடுநாளாகத் தூக்கம் இன்மை, படிப்பில் மனம் பதியாமை, செபம் வெறும் கடமையாக வறண்டு போதல், ஒரு பெண்ணின் மீது அன்பு பிறந்திருத்தல், அல்லது இவை எதுவும் இல்லாமலே தான் ஏன் இங்கே இருக்கிறேன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமை. இவற்றுள் எதுவும் அழைத்தல் இல்லை என்பதற்கு முடிவான சான்று ஆகாது. எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டியபோது வானதூதர் அவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. உண்ணச் சொன்னார், மீண்டும் உறங்க விட்டார், இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுத்தார், அதன் பின்னரே ஓரேபு மலைக்கான நாற்பது நாள் நடை தொடங்கியது. உணவும் உறக்கமும் முதலில், தேர்ந்து தெளிதல் பின்னர் என்ற அந்த ஒழுங்கைக் களைத்துப்போன மாணவரிடம் பேசும் எவரும் மறக்கக் கூடாது. உடல் தேறாத நிலையில் எடுக்கப்படும் முடிவு, அது தொடர்வதாக இருந்தாலும் விலகுவதாக இருந்தாலும், களைப்பின் முடிவாகவே இருக்கும்.

இத்தகைய இடைவெளிக்கு உரிய நேரம் எது என்ற கேள்வியில் சட்டம் ஒரு தெளிவான கோட்டை இடுகிறது. அந்தக் கோடு திருத்தொண்டர் பட்டம். அதற்கு முன், வாசகர் பணியும் பீடத்துணைவர் பணியும் பெற்றிருந்தாலும், மாணவர் பொதுநிலையினரே. அவர் ஒதுங்கி நிற்பதற்கோ விலகுவதற்கோ உரோமையின் அனுமதி தேவையில்லை. திருத்தொண்டர் ஆனதும் அவர் திருநிலையினர் ஆகிறார், ஒரு மறைமாவட்டத்தோடு சட்டப்படி இணைக்கப்படுகிறார், மணம் செய்யாதிருக்கும் மணத்துறவுக்கும் நாள்தோறும் குறித்த வேளைகளில் சொல்லும் திருப்புகழ்மாலைச் செபத்துக்கும் கட்டுப்படுகிறார். அதன் பின் அந்த நிலையை விட்டு விலக வேண்டுமானால், கனமான காரணங்களை முன்வைத்துத் திருத்தந்தையின் ஆணையைப் பெற வேண்டும். எனவே, ஐயம் உள்ளவர் ஓய்வு கேட்க வேண்டியது இறையியலின் இறுதி ஆண்டுக்கு முன்னர். அழைப்பிதழ் அச்சிட்ட பின்னர் அன்று. பட்டத்துக்கு முன், தாம் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுச் சுதந்திரத்தோடு இதைப் பெறுவதாகத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை ஒவ்வொருவரும் ஆயரிடம் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். அந்தக் கடிதத்தை எழுதும் கை நடுங்காமல் இருப்பதற்கு ஓராண்டு தாமதம் அதிக விலை என்று எனக்குத் தோன்றவில்லை. திருத்தொண்டராகிய பின்னரும் ஒருவர் குருப்பட்டத்துக்கு முன்னேற மறுத்தால், சட்டத் தடை அல்லது வேறு கனமான காரணம் இருந்தாலன்றி, அவர் தம் திருத்தொண்டைச் செய்வதைத் தடுக்க முடியாது என்பதும் பலர் அறியாத ஒரு விதி.

கத்தோலிக்கர் அல்லாத திருச்சபைகளில் நிலைமை சற்று வேறானது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் வழியில் வளர்ந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த யாழ்ப்பாண ஆதீனம் என்ற மறைமாவட்டத்திலும், அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகளிலும் திருப்பணிக்குச் செல்பவர் திருமணமானவராக இருக்கலாம். ஒரு தொழிலை விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூல் உதவிக்குருவானவர் ஒருவர் பொதுவாக ஒரு முழு ஆண்டு அந்த நிலையிலே பணியாற்ற வேண்டுமென்று கூறுகிறது. மெதடிஸ்தர் சோதனைக் காலம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சென்று படிப்பவருக்குக் குடும்பத்தைப் பிரிந்திருப்பது ஒரு தனிச் சுமை. அவர் ஓராண்டு ஓய்வு எடுக்க விரும்பினால் முதலில் கேட்க வேண்டியது மனைவியிடமும் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்திடமும். அங்கே ஊரின் பார்வை அவ்வளவு கடுமையாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பணத்தின் நெருக்கடி கடுமையானது.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடையே இந்த ஓய்வு ஏன் இவ்வளவு அரிதாகவும் கூச்சத்தோடும் எடுக்கப்படுகிறது என்பதற்கு வருவோம். முதற்காரணம் நம் கல்விப் பண்பாடு. பரீட்சையில் ஓராண்டு பிந்துவதையே குடும்பத்தின் இழப்பாகக் கருதும் சமூகத்தில், ஒரு வகுப்புத் தோழர்கள் எல்லாரும் இறையியலின் இரண்டாம் ஆண்டுக்குச் சென்றுவிட ஒருவர் மட்டும் வீட்டில் இருப்பது தோல்வியாகவே வாசிக்கப்படும். அதற்கு மேல், குருவானவரைக் கொடுத்த வீடு என்ற பெருமை சாதாரணமானதன்று. இளவாலை, பாசையூர், குருநகர் போன்ற ஊர்களில் அது தாய்க்கும் தந்தைக்கும் மட்டுமன்றி ஊருக்கே உரிய பெருமை. இன்னும் பட்டம் பெறாத மகனுக்காக அந்தப் பெருமையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டவர்கள், அவன் சற்று நின்று யோசிக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதாக அஞ்சுகிறார்கள். மூன்றாவது, வெளிநாடு. ஓராண்டு வெளியில் நிற்கும் இளைஞரைக் கண்டால், கனடாவிலோ பிரான்சிலோ உள்ள மாமன் கூப்பிட்டுவிட்டார் என்ற பேச்சு மறுநாளே எழுந்துவிடும். உண்மையில் அப்படிப் போனவர்களும் உண்டு. அதனால் மற்றவர்களின் நேர்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

போரையும் சொல்லாமல் விட முடியாது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்த நாள்களில் குருக்களும் மாணவர்களும் மக்களோடு மக்களாக நடந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும், 2009 வரை, பயிற்சி மரணங்களாலும் பாதை மூடல்களாலும் பல முறை துண்டாடப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு நேர்ந்த இடைவெளிகள் ஓய்வாக அமையவில்லை. அவை மேலும் ஒரு சுமையாகவே வந்தன. அகதி முகாமில் பொதியிடுபவராகவும் இறந்தவரை அடக்கம் செய்பவராகவும் இருந்து வளர்ந்த குருக்கள் இன்று பலருக்கு உருவாக்குநர்களாகவும் பங்குத்தந்தையராகவும் இருக்கிறார்கள். தாங்கள் ஒரு நாளும் கேட்டிராத ஓய்வை இன்றைய இளைஞர் கேட்கும்போது அவர்களுள் சிலருக்கு அது விளங்காமல் போவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் தங்களுக்குக் கிடைக்காத ஒன்று தேவையற்றது என்று அவர்கள் முடிவு செய்தால், போர் தின்றுவிட்ட ஓய்வு அடுத்த தலைமுறைக்கும் இல்லாமல் போய்விடும்.

ஓய்வு ஓய்வாக அமைய வேண்டுமானால் சில ஏற்பாடுகள் தேவை. முதலாவது, எழுத்து. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் நாளடைவில் அது விலகலா விலக்கப்பட்டதா என்பது எவருக்கும் தெரியாமல் போகும். இது பெயரளவிலான அக்கறை அன்று: ஒரு குருமடத்திலிருந்து நீக்கப்பட்டவர் இன்னொன்றில் சேர விரும்பினால், அவர் வெளியேறியதன் காரணம் குறித்து முன்னைய அதிபரின் சான்று வேண்டுமென்று சட்டம் கேட்கிறது. ஓய்வின் தொடக்க நாள், முடிவு நாள், எவரைச் சந்திக்க வேண்டும், திரும்புவது எவ்வாறு முடிவாகும் என்பவற்றை அதிபர் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், மாணவருக்கும் பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும் ஒரே செய்தி கிடைக்கும். அந்தக் கடிதத்தின் சாரத்தைப் பங்குத்தந்தை கோயிலில் அறிவிக்கவே தேவையில்லை; கேட்பவர்களிடம், பிரதர் ஆயரின் அனுமதியோடு ஓய்வில் இருக்கிறார் என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, துணை. மாதம் ஒருமுறையாவது சந்திக்கும் ஆன்மீக வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும், அவர் மாணவரை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் குழுவில் இல்லாதவராக இருப்பது மிகவும் நல்லது. உள்ளத்தைத் திறந்து பேசியது எழுத்தாக மாறி மேசைக்கு வரும் என்ற அச்சம் இருக்கும் வரையில் எவரும் உண்மையைப் பேச மாட்டார்கள். தூக்கமின்மையோ மனச்சோர்வோ இருந்தால் மருத்துவரிடமும் போக வேண்டும். செபம் மருந்துக்கு மாற்றாகக் கொடுக்கப்படக் கூடாது.

மூன்றாவது, இடம். ஓய்வை வீட்டில்தான் கழிக்க வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணத்திலேயே அமைதிக்கென்று எழுந்த இடங்கள் இருக்கின்றன. அமல மரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை, செபமும் தவமும் உடலுழைப்புமாக வாழும் துறவிகளின் சபை. நம் மண்ணில் பிறந்து நம் மக்களால் வளர்ந்தது. மருதனார்மடத்தில் 1939இல் எழுந்த கிறிஸ்த சேவா ஆச்சிரமம், எளிய உடை, எளிய உணவு, குறித்த வேளைகளில் மௌனம் என்று நம் நாட்டு ஆச்சிரம மரபில் கிறிஸ்தவ வாழ்வை நடத்திக் காட்டியது. தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறிவிட்டு, வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, எவருக்கும் மறையுரை ஆற்றாமல் சில வாரங்கள் இருப்பது ஒரு குருமட மாணவருக்கு என்ன செய்யும் என்பதை நான் பெரிதும் நம்புகிறேன். ஓய்வு ஆண்டில் அங்கியை மடித்து வைத்துவிடுவது நல்லது. பிரதர் என்ற அழைப்பும் சிறிது காலம் இல்லாமல் இருந்தால், அந்த அழைப்பை விரும்புகிறேனா அழைத்தவரை விரும்புகிறேனா என்பது மாணவருக்கே தெளிவாகும்.

ஊதியத்துக்கு வேலை செய்யலாமா என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து அடிக்கடி எழும். செய்யலாம் என்பதே என் கருத்து. தனியார் கல்வி நிலையத்தில் கற்பிப்பதோ கடையில் கணக்கு எழுதுவதோ ஒருவரைக் குருத்துவத்திலிருந்து தூரமாக்குவதில்லை. மானிப்பாயில் 1875இல் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை பார்த்த பின்னர்தான் குருமடத்துக்குச் சென்று 1901இல் குருவானார். சம்பளம் பெற்று, பேருந்தில் நின்று போய், மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிய அனுபவம், பின்னாளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து உழைப்பவர்களின் குரலைக் கேட்கும்போது உதவும். ஆனால் களைப்பைத் தீர்க்க வந்தவர் இரண்டு வேலைகளை ஏற்றுக்கொண்டு முன்னிலும் களைத்தவராகத் திரும்பும் ஆபத்தையும் வழிகாட்டி கவனிக்க வேண்டும்.

திரும்பி வராதவர்களும் இருப்பார்கள். ஓய்வு என்று அனுப்பினால் போனவர் போனவரே என்று அஞ்சும் உருவாக்குநர்கள் இதைத்தான் மனத்தில் வைக்கிறார்கள், அந்த அச்சத்தில் உண்மையும் உண்டு. பழக்கம் ஒருமுறை அறுந்தால் விடியற்காலைச் செபமும் ஒழுங்கும் மீண்டும் கூடிவர நாளாகும். தனிமையில் விடப்பட்டவர் சோம்பலை ஓய்வென்று எண்ணிக்கொள்ளவும் கூடும். ஆனால் ஓராண்டு ஓய்வில் உதிர்ந்துவிடும் அழைத்தல், பட்டம் பெற்ற பத்தாவது ஆண்டில் ஒரு தனிமையான பங்கு இல்லத்தில் எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கு அந்த அச்சத்திடம் விடை இல்லை. திரும்பாதவர் இறையியல் கற்றவராக, செபிக்கப் பழகியவராக, மக்களோடு பேசத் தெரிந்தவராகவே வெளியே வருகிறார். நம் பாடசாலைகளில் கத்தோலிக்க சமயம் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள், மறையாசிரியர்கள், பாடகர் குழுக்களை நடத்துபவர்கள் ஆகியோருள் முன்னாள் குருமட மாணவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் திருவிழாவுக்கு உபதேசம் எழுதித் தர மட்டும் அழைத்துவிட்டு, பங்குச் சபைக்குப் பெயர் முன்மொழியும்போது "உடுப்பைக் கழற்றிப் போட்டவர்" என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த முணுமுணுப்பைக் கேட்டு வளரும் இளைய மாணவர், களைத்துப் போகும் நாளில் ஓய்வு கேட்கத் துணிய மாட்டார். பட்டம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். இறைமக்கள் முன் "இதோ வருகிறேன்" என்று அவர் சொல்லும் சொல்லில் அப்போது எவ்வளவு விருப்பம் இருக்கும், எவ்வளவு பயம் இருக்கும் என்பதை ஆயரும் அறிய மாட்டார், பங்கும் அறியாது.